நாறுகிற தண்ணீரும் நாறாத தண்ணீரும்

கும்பகோணத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் வாய்க்காலில் ஐந்தாறு வருஷமாக ரைஸ்மில் தண்ணீர் விடுகிறார்கள். கொஞ்சம் மேலே இரண்டு சாயப்பட்டறை, அந்தத் தண்ணீரும் இதில்தான் வருகிறது. தண்ணீர் கறுத்துவிட்டது. சாயங்காலமானால் திண்ணையில் உட்கார முடியாத நாற்றம். கேட்டால் 'ஈ.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) போட்டாச்சு' என்கிறார் மில்காரர். அந்த மெஷின் ஓடினால் தண்ணீர் உண்மையிலேயே சுத்தமாகிவிடுமா? ஏற்கெனவே கெட்டுப்போன வாய்க்காலும் வயலும் திரும்புமா?"

நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் கழிவுநீரோடு குப்பை கொட்டுகிறவன். முதல் ஏழெட்டு வருஷம் திருப்பூர்ப் பக்கம் சாயத் தண்ணீர். அப்புறம் ஊரோடு வந்து தஞ்சை, திருவாரூர் பக்கத்து மில்களுக்குத் தொட்டி கட்டிக் கொடுப்பதும், கட்டிய தொட்டி ஓடாதபோது போய்ப் பார்ப்பதுமாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

தம்பி, உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல சேதி இருக்கிறது. தண்ணீர் நாறுகிறது என்கிறீர்கள். சிரிக்காதீர்கள். நாறுகிறது என்றால் அதில் இருப்பது அழுகக்கூடிய பொருள். அழுகுவது ஒருநாள் அழுகி முடியும். நான் பயப்படுவது நாறாத தண்ணீருக்கு. நிறத்தையும் எடுத்துவிட்டால் சாயப்பட்டறைத் தண்ணீர் பார்க்கப் பளிங்கு மாதிரி இருக்கும், மூக்கை வைத்தாலும் ஒன்றும் தெரியாது. அதற்குள் கரைந்திருக்கும் உப்பு அழுகாது, ஆவியாகாது, மீன் தின்னாது. உங்கள் வாய்க்காலில் இந்த இரண்டும் கலந்து வருகின்றன. ஒரே கறுப்புத் தண்ணீராகத் தெரிந்தாலும் இவை இரண்டு வியாதிகள், இரண்டுக்கும் மருந்து வேறு. ஒன்றுக்குப் போட்ட மெஷின் இன்னொன்றைத் தொடக்கூட முடியாது.

முதலில் ரைஸ்மில். புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறப்போட வேண்டும். அந்தக் காலத்தில் பச்சைத் தண்ணீரில் ஒரு நாள், இரண்டு நாள் ஊறும். புளித்த வாடை அரிசியிலேயே ஏறியிருக்கும். இப்போது பெரும்பாலான மில்களில் 65, 70 டிகிரி வெந்நீரில் மூன்று நான்கு மணி நேரம் ஊறவைத்து, நீராவி கொடுத்து, டிரையருக்கு அனுப்புகிறார்கள். ஊறல் தொட்டியின் அடி வால்வைத் திறந்தால் டீ டிக்காஷன் நிறத்தில் சூடாக ஒரு தண்ணீர் வரும். அதில் நெல்லிலிருந்து இறங்கிய சர்க்கரை, மாவு, புரதம், உமியின் சாயம், கொஞ்சம் தூசு எல்லாம் இருக்கும். விஷம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. மாட்டுக்கு வைக்கிற கழுநீருக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை அதன் அளவில் இருக்கிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 40 டன் நெல் அவிக்கும் நடுத்தர மில் ஒன்று. கிலோ நெல்லுக்குச் சுமார் 1 லிட்டர் ஊறல் தண்ணீர் வெளியே வருகிறது என்றால் 40,000 லிட்டர். அந்தத் தண்ணீரின் பி.ஓ.டி., அதாவது அதிலுள்ள அழுக்கைத் தின்று முடிக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன், லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் அளவில் இருக்கும். அப்படியானால் ஒரு நாளைக்கு 40 கிலோ ஆக்சிஜன் வேண்டும். நம் ஊர் வெயிலில் சுத்தமான ஆற்றுத் தண்ணீரே லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் ஆக்சிஜனுக்கு மேல் பிடித்து வைக்காது. 40 கிலோவை அதிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் 53 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீரின் உயிர்மூச்சை முழுக்க உறிஞ்ச வேண்டும். விநாடிக்கு ஒரு கன அடி ஓடும் வாய்க்காலில் ஒரு நாளைக்குப் போவது சுமார் 24 லட்சம் லிட்டர். ஆக, இரண்டு கன அடி ஓடும் சின்ன வாய்க்காலை ஒரே ஒரு மில் மூச்சுமுட்ட வைத்துவிடும். மனிதக் கழிவோடு ஒப்பிட்டால் எழுநூறு எண்ணூறு பேர் வாழும் ஊரின் சாக்கடைக்குச் சமம்.

ஓடும் தண்ணீர் காற்றிலிருந்து ஆக்சிஜனை மறுபடி இழுத்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, குறுவைக்கும் சம்பாவுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் அந்த வேலை நடக்கும். அதனால்தான் ஆடி, ஆவணியில் உங்களுக்கு நாற்றம் அவ்வளவாகத் தெரியாது. ஜனவரி 28-ல் அணையை மூடினார்கள் என்றால் அப்புறம் வாய்க்காலில் ஓடுவது மில் தண்ணீர் மட்டும்தான். ஓடவும் செய்யாது, நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரிலும் ஆகாயத்தாமரையிலும் மாட்டித் தேங்கி நிற்கும். கலப்பதற்கு நல்ல தண்ணீர் இல்லை, நகர்வதற்கு வேகம் இல்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் வேலையைக் கையில் எடுத்துக்கொள்கின்றன. அவை தண்ணீரிலுள்ள சல்பேட்டைத் தின்று அழுகின முட்டை வாயுவை விடுகின்றன. அந்த வாயு மண்ணிலுள்ள இரும்போடு சேர்ந்து கறுப்பாகிறது. நீங்கள் பார்க்கும் கறுப்பு அதுதான், சாயம் இல்லை.

இப்போது "ஈ.டி.பி. போட்டாச்சு" என்ற பேச்சுக்கு வருவோம். ரைஸ்மில் தண்ணீருக்கு நல்ல ஈ.டி.பி. என்பது பெரிய மாயம் ஒன்றும் கிடையாது. உமியையும் தூசையும் வடிகட்ட ஒரு தொட்டி. வெந்நீர் ஆறுவதற்கும், ஒரே நேரத்தில் வந்து கொட்டுவதைச் சீராக்குவதற்கும் இன்னொன்று. ஊறல் தண்ணீர் நின்றால் புளிக்கும், அதனால் கொஞ்சம் சுண்ணாம்பு. அப்புறம் மூடிய தொட்டியில் காற்றில்லாமல் செரிக்க வைப்பது. சாண எரிவாயுக் கலனின் தங்கை அது. கடைசியாகக் காற்று ஊதும் தொட்டி, தெளிய வைக்கும் தொட்டி. இவ்வளவுதான். நம் டெல்டாவின் வெயில் காற்றில்லாத் தொட்டிக்கு வரப்பிரசாதம், 30 முதல் 35 டிகிரியில் அந்த நுண்ணுயிர்கள் சந்தோஷமாக வேலை செய்யும். ஒழுங்காக ஓடினால் 1,000 இருந்த பி.ஓ.டி. 30-க்குக் கீழே வரும். ஆற்றில் விடுவதற்கான வரம்பு அந்த 30தான், நிலத்துக்குப் பாய்ச்சுவதென்றால் 100.

எரிவாயு எவ்வளவு வரும் என்று உடனே கேட்பார்கள். மேலே சொன்ன மில்லுக்கு, எல்லாம் சரியாக நடந்தால் நாளுக்கு ஒரு வீட்டு சிலிண்டர் அளவு. ஏற்கெனவே நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமியாக, சும்மாவே பாய்லருக்குக் கிடைக்கும்போது ஒரு சிலிண்டருக்காக எந்த முதலாளியும் மெனக்கெட மாட்டார். சோலார் மாதிரி இதுவும் தானே காசைத் திருப்பித் தரும் என்று விற்கிறவர்களை நம்பாதீர்கள். இது செலவு. செலவாக ஒத்துக்கொண்ட மில்லில்தான் இது ஓடுகிறது.

எனக்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மில்லுக்குக் காற்றூதும் தொட்டி கட்டி, பக்கத்து மாட்டுக்கொட்டகையிலிருந்து சாணம் கரைத்து ஊற்றி, வெல்லம் போட்டு, நுண்ணுயிருக்குத் தழைச்சத்து போதாது என்று யூரியாவும் டி.ஏ.பி.யும் அளந்து போட்டு, நாற்பது நாள் குழந்தை மாதிரி வளர்த்தோம். சாக்லேட் நிறத்தில் சேறு திரண்டு வந்தது. தொட்டி ஓரத்தில் நின்றால் கோடை மழைக்கு அப்புறம் வருகிற மண் வாசனை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் காலையில் போனால் தொட்டி முழுக்கச் சாம்பல் நிற நுரை, செத்த எலி வாடை. சேறு கறுத்து மேலே மிதக்கிறது. ஆபரேட்டர் பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். ராத்திரி பத்து மணிக்கு ப்ளோயரை நிறுத்திவிட்டுக் காலை ஆறு மணிக்குப் போடச் சொல்லியிருக்கிறார்கள், கரண்ட் பில் மிச்சமாம். நாளுக்கு ஐம்பது, அறுபது யூனிட் சமாச்சாரம். எட்டு மணி நேரம் மூச்சை நிறுத்தினால் யார்தான் பிழைப்பார்கள்? அதற்கப்புறம் அந்த மில்லில் தொட்டி இருந்தது, சுத்திகரிப்பு இல்லை. அதிகாரி வருகிற அன்று மட்டும் ப்ளோயர் சத்தம் கேட்கும்.

அதனால் ஈ.டி.பி. "போட்டாச்சா" என்று கேட்காதீர்கள், "ஓடுகிறதா" என்று கேளுங்கள். கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டியதில்லை. மில்காரரோடு பேச்சுவார்த்தை இருந்தால், காற்றூதும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் மொண்டு, ஓர் ஓரமாக வைத்துவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரத்தில் பழுப்புச் சேறு அடியில் கால்வாசி அளவு படிந்து, மேலே தெளிந்த தண்ணீர் நின்றால் தொட்டி உயிரோடு இருக்கிறது. படியாமல் கலங்கலாகவே இருந்தால், அல்லது வெறும் பழுப்புத் தண்ணீராக இருந்தால், அது செத்த தொட்டி. இன்னொரு கேள்வி: "போன மாதம் எத்தனை மூட்டை சேறு எடுத்தீர்கள்?" நுண்ணுயிர் தின்றால் பெருகும், பெருகினால் சேறு சேரும். நாற்பது கிலோ பி.ஓ.டி.யை முழுக்கக் காற்றூதித் தின்ன வைத்தால் உலர்ந்த கணக்கில் தினம் பதினைந்து, இருபது கிலோ சேறு வரவேண்டும். முன்னால் காற்றில்லாத் தொட்டி இருந்தால் குறையும், ஆனால் இல்லாமல் போகாது. சேறே எடுத்ததில்லை என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அந்தச் சேறு உங்கள் வாய்க்காலில் இருக்கிறது என்று அர்த்தம். ஈ.டி.பி.க்குத் தனி மின் மீட்டர் இருக்கிறதா, அதில் மாதம் எத்தனை யூனிட் ஓடியது என்பதையும் கேட்கலாம். மீட்டர் பொய் சொல்வது கஷ்டம்.

தண்ணீரைச் சுத்தம் செய்வதைவிடக் குறைப்பது மலிவு. இதில் நம் பக்கத்துக்கே ஒரு பெருமை உண்டு. திருவாரூரில் தொடங்கிய நெல் பதனீட்டு ஆராய்ச்சி மையம்தான் பின்னால் தஞ்சாவூருக்கு வந்து, இன்று நிஃப்டெம் என்ற பெயரில் இருக்கிறது. அழுத்தத்தில் நீராவி கொடுத்து அவிக்கும் முறையை உருவாக்கியது அவர்கள்தான். நெல்லைக் கொஞ்ச நேரம் மட்டும் ஊறவைத்து, மீதி ஈரத்தை நீராவி அழுத்தத்தாலேயே உள்ளே ஏற்றுவார்கள். தண்ணீரும் குறையும், சர்க்கரை கரைந்து வருவதும் குறையும். அரிசி கொஞ்சம் நிறம் கூடுதலாக வரும், அதனால் எல்லா மார்க்கெட்டுக்கும் ஒத்துவராது. அது மில்காரரின் நியாயமான தயக்கம், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

பாதி சுத்தம் செய்த தண்ணீரை மில்லின் சொந்தத் தோப்புக்கே விடலாம். 40,000 லிட்டரை இரண்டு ஏக்கர் தென்னையில் பரப்பினால் நாளுக்கு 5 மில்லிமீட்டர். கோடை வெயில் அதைத் தாராளமாகக் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில்தான் சிக்கல். மழையில் நிலமே ததும்பி நிற்கும்போது பாய்ச்ச முடியாது, அந்த நாட்களுக்கென்று ஒரு குட்டை வேண்டும். அந்தக் குட்டையை வெட்டாமல் "தோப்புக்குத்தான் விடுகிறோம்" என்று சொல்கிறவர் அடைமழையில் எங்கே விடுகிறார் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, சாயப்பட்டறை.

இங்கே நம் பக்கத்துச் சாயத்தையும் திருப்பூர்ச் சாயத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. திருபுவனம் வட்டாரத்தில் நடப்பது பட்டு. பட்டு நூலை முதலில் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்க வைத்துப் பசை நீக்குவார்கள். நூல் எடையில் கால்வாசி வரை அந்தப் பசையாக இறங்கும். அது புரதம், அழுகும், நாறும். அப்படியானால் குணப்படுத்தலாம். அப்புறம் அமிலச் சாயம், கொஞ்சம் அசிட்டிக் அமிலம். உப்பு அதிகம் தேவைப்படாது. சில சாயங்களில் குரோமியம் மாதிரி உலோகம் சேர்ந்திருக்கும், அதை மட்டும் கவனிக்க வேண்டும். பட்டறையில் பருத்தி நூலுக்குச் சாயம் போட்டால் கதை வேறு. பருத்தியில் சாயம் ஏற லிட்டருக்குப் பல பத்து கிராம் உப்பு போட்டே ஆக வேண்டும். போடுகிற உப்பில் ஒரு பொட்டுகூடத் துணியில் தங்காது. அத்தனையும் வெளியே வரும். உங்கள் பட்டறையில் என்ன நூல் போடுகிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாதி பதில் அதில் இருக்கிறது.

படிகாரமும் சுண்ணாம்பும் போட்டால் சாயம் திரிந்து அடியில் படியும், மேலே தெளிந்த தண்ணீர். பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அந்தத் தெளிந்த தண்ணீரில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை விட்டுப் பாருங்கள். உப்பு குறைந்திருக்காது, போட்ட ரசாயனத்தால் கொஞ்சம் ஏறியேகூட இருக்கும். உப்பைப் பிரிக்க ஆர்.ஓ. வேண்டும். ஆர்.ஓ. போட்டால் முக்கால் பங்கு நல்ல தண்ணீர், மீதி கால் பங்கில் எல்லா உப்பும். அந்தக் கால் பங்கைக் கொதிக்க வைத்து வற்றவைக்க வேண்டும், அதற்கு விறகோ நிலக்கரியோ. கடைசியில் கையில் நிற்பது மறுபடியும் உப்புதான். நல்ல உப்பாக வந்தால் திரும்பச் சாயத் தொட்டிக்கே போகும், கலப்பட உப்பாக வந்தால் மூட்டை கட்டி ஷெட்டில் அடுக்க வேண்டும். உப்பை யாரும் அழிக்க முடியாது, இடம் மாற்றத்தான் முடியும்.

திருப்பூர் இந்தப் பாடத்தைப் படித்த விதம் நமக்கும் சம்பந்தப்பட்டது. நொய்யல் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது, அமராவதியும் அங்கேதான் சேர்கிறது. அங்கே விட்ட உப்பு முக்கொம்பு வழியாக நம்மிடம்தான் வரும். நொய்யலில் 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயத் தண்ணீர்க் குட்டையாகி, அணையைத் திறந்தால் எங்கள் நிலம் போய்விடும் என்று கீழே இருந்த விவசாயிகளே பயந்த நிலை வந்தது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. மேட்டூர் மூடும் தேதியும் ஜனவரி 28 என்பது தற்செயல்தான், ஆனால் எனக்கு அந்தத் தேதி மறப்பதில்லை. நான் அப்போது அங்கேதான் இருந்தேன். அதற்கப்புறம்தான் சொட்டுத் தண்ணீரும் வெளியேறாத முறை அங்கே நிஜமாக ஓட ஆரம்பித்தது. தொழில்நுட்பம் முன்பே இருந்தது. தேவைப்பட்டது ஒரு பூட்டு.

ஒன்றிரண்டு தொட்டி வைத்திருக்கும் சின்னப் பட்டறைக்குத் தனியாக ஆர்.ஓ.வும் வற்றவைக்கும் கலனும் கட்டுபடியாகாது. பத்து இருபது பட்டறை சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையம் வைத்தால்தான் நடக்கும். அப்படியொரு நிலையம் இல்லாமல் பருத்திச் சாயம் டெல்டாவுக்குள் நடக்கக் கூடாது என்பது என் கருத்து. பிழைப்பைக் கெடுக்கிறேன் என்று திட்டுவார்கள், திட்டட்டும்.

வாய்க்கால் திரும்புமா? ரைஸ்மில் பகுதி கண்டிப்பாகத் திரும்பும், தண்ணீரை நிறுத்தினால். நிறுத்தாமல் செய்கிற எதுவும் வீண். ஈ.எம். என்கிற நுண்ணுயிர்க் கரைசலை ஊற்றுவது, உருண்டை பிடித்துப் போடுவது இதெல்லாம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும். ஆகாயத்தாமரை தண்ணீரைச் சுத்தம் செய்யும் என்று ஒரு பேச்சு உண்டு. வாரி வெளியே எடுத்தால் அது உறிஞ்சின சத்தும் வெளியே போகும். விட்டுவிட்டால் அங்கேயே அழுகி, வாங்கினதைத் திருப்பிக் கொடுத்துவிடும். நல்ல ஈ.டி.பி.க்குக் கடைசியில், மெருகு போட கல்வாழையும் கோரையும் வைத்த ஒரு படுகை வைப்பது மட்டும் உண்மையாகவே பயன்படுகிறது.

நிறுத்தியபின் மாசி, பங்குனியில் வாய்க்கால் காயும்போது அடிச்சேற்றைக் கிளறிவிட்டு வெயிலில் வெடிக்க விட வேண்டும். கறுப்பு இரண்டு மூன்று வாரத்தில் துருப்பிடித்த பழுப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம், காற்று உள்ளே போகிறது என்று அர்த்தம். அப்புறம் தூர் வாரி, ஜூனில் தண்ணீர் வரும்போது முதல் நனைப்பை வயலுக்கு ஏற்றாமல் வடிகாலுக்கு விட்டுவிட்டால் போதும். இரண்டு பருவத்தில் கெண்டையும் கெளுத்தியும் திரும்பி வந்த வாய்க்காலை நான் பார்த்திருக்கிறேன். உங்களுடையது சி, டி பிரிவு (சின்னக் கிளை) வாய்க்காலாக இருந்தால் ஒவ்வொரு வருஷமும் நடக்கும் தூர் வாரும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி நீர்வளத் துறையில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சாயப்பட்டறைக் குழாய்க்குக் கீழே உள்ள ஐம்பது நூறு மீட்டர் சேற்றை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அள்ளாதீர்கள். நம் ஆட்கள் வாய்க்கால் வண்டலை வயலுக்கு அடிப்பது வழக்கம், நல்ல வழக்கமும்கூட. அந்த இடத்துச் சேற்றில் குரோமியம், ஈயம், துத்தநாகம் எவ்வளவு என்று சோதித்த பிறகுதான் அடிக்க வேண்டும். அளவு மீறினால் அது அபாயகரமான கழிவு. கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோல அதற்கென்று அமைத்த நிலத்துக்குத்தான் போக வேண்டும். கரையில் குவித்து வைத்தால் அடுத்த மழைக்கு மறுபடி உள்ளே வந்துவிடும்.

வயலைப் பற்றிக் கேட்டீர்கள். மில் தண்ணீர் பாய்ந்த வயலில் பயிர் மஞ்சளாவது பெரும்பாலும் வேர் மூச்சு முட்டுவதால். ஒரு போகம் தண்ணீரைக் கட்டி வைக்காமல் காயவிட்டுக் காயவிட்டுப் பாய்ச்சினால் தேறும். உப்பு ஏறிய வயல் அவ்வளவு சீக்கிரம் மனம் இறங்காது. மண்ணின் உப்பு அளவு (மின்கடத்தும் திறனாக அளப்பார்கள்) மீட்டருக்கு 3 டெசிசைமன்ஸைத் தாண்டினாலே நெல் மகசூல் சரிய ஆரம்பிக்கும். நம் களிமண்ணில் சோடியம் ஏறினால் மண் குழைந்து, காய்ந்தால் கல், நனைந்தால் பசை என்று ஆகிவிடும். தண்ணீர் கீழே இறங்காது. ஜிப்சம் போட்டுச் சோடியத்தை விடுவித்து, நல்ல தண்ணீரைக் கட்டி, வடித்து, மறுபடி கட்டி, வடித்து எடுக்க வேண்டும். எவ்வளவு ஜிப்சம் என்பதை மண் பரிசோதனைதான் சொல்ல வேண்டும். பக்கத்து வயல்காரர் போட்ட அளவைப் போடாதீர்கள். தஞ்சை காட்டுத்தோட்டத்து மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுவது இதற்கு நல்ல துணை. நடுவில் திருச்சி 1, திருச்சி 3 மாதிரி களர் தாங்கும் ரகங்களைப் போடலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் வடிகால் திறந்திருக்க வேண்டும். வடிகாலை அடைத்துக்கொண்டு ஜிப்சம் போடுவது, பாத்ரூம் ஓட்டையை அடைத்துவிட்டுக் குளிப்பதைப் போல.

யாரிடம் போவது? பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020-ல் சட்டம் வந்ததே, அது காப்பாற்றாதா என்று பலர் கேட்கிறார்கள். அதன் தடைப் பட்டியலில் உருக்காலை, தோல் ஆலை, எண்ணெய் எரிவாயுத் துரப்பணம் போன்றவை உண்டு. ரைஸ்மில்லும் சாயப்பட்டறையும் அதில் இல்லை. உங்களுக்கு உதவுவது பழைய 1974 தண்ணீர்ச் சட்டம்தான். சாயப்பட்டறை புதிதாக வந்தது என்றால், காவிரி உள்ளிட்ட சில ஆறுகளிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் அதிக மாசு தரும் புதிய தொழில்கள் கூடாது என்ற 1998 அரசாணை இருக்கிறது. அந்தப் பட்டறைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை, அதாவது இயங்குவதற்கான அனுமதி, உண்டா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். மில்லின் இசைவாணையையும் கேளுங்கள். நாளுக்கு எத்தனை லிட்டர், எங்கே விடலாம் என்று அதிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் "நிலத்துக்கு" என்றுதான் இருக்கும், வாய்க்கால் என்று இருக்காது. அந்த ஒரு வரி உங்கள் வழக்கில் பாதி.

பாட்டிலில் நீங்களே தண்ணீர் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்த அறிக்கை உங்கள் மனத்திருப்திக்கும் மனுவுக்கும் பயன்படும், நீதிமன்றத்தில் சாட்சியாகாது. வாரிய அதிகாரி முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரை வைத்து எடுத்ததுதான் செல்லும். அதனால் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு எழுதும்போது "நடவடிக்கை எடுங்கள்" என்று பொதுவாக எழுதாமல், "மாதிரி எடுங்கள்" என்று இடம், நேரம் குறிப்பிட்டு எழுதுங்கள். மின் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் அதிகாரம் வாரியத்துக்கு அந்தத் தண்ணீர்ச் சட்டத்தின் 33ஏ பிரிவில் இருக்கிறது. பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போவதென்றால் தாமதிக்காதீர்கள். தடுக்கச் சொல்லிக் கேட்க ஆறு மாதமும், நஷ்டஈடும் சீரமைப்பும் கேட்க ஐந்து வருஷமும்தான் கெடு. ஐந்தாறு வருஷமாக நடக்கிறது என்கிறீர்களே, அதனால்தான் சொல்கிறேன்.

இப்போதைக்கு இரண்டு வேலை செய்யுங்கள். சில நூறு ரூபாய்க்குப் பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது, ஒன்று வாங்குங்கள். வாய்க்கால் தலைப்பு மதகிலும், பட்டறைக்குக் கீழேயும், மில்லுக்குக் கீழேயும், உங்கள் போர்செட்டிலும் வாரம் ஒருமுறை பார்த்து நோட்டில் எழுதி வையுங்கள். காவிரித் தண்ணீர் வரும்போது தலைப்பில் சில நூறுதான் காட்டும். பட்டறைக்குக் கீழே லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டினால் அது வரம்பை மீறின தண்ணீர். மூன்று மாத நோட்டு ஒன்று கையில் இருந்தால் அதிகாரி உங்களிடம் பேசுகிற தொனியே மாறும்.

இன்னொன்று, அணை மூடித் தண்ணீர் நின்றதும் பத்து நாள் பொறுத்து, இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து காலையில் வாய்க்காலுக்குள் இறங்கி, கடைமடையிலிருந்து தலைப்பு வரை நடந்து பாருங்கள். எங்கும் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். நடுவில் எந்த இடத்தில் ஈரம் இருக்கிறதோ, அங்கே கரைப் பக்கம் செடியை விலக்கிப் பாருங்கள். குழாய் இருக்கும். தேதி தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டு கரையேறுங்கள்.